டொல்பின் பதினொரு மணிக்கு வராது

கொழும்பு நானா கோல் எடுத்தார். (பெரியும்மா மகன். தெஹிவளையில இருக்கிறார். கடல் எண்டா அவருக்கு கோல்ஃபேஸ்ல நிண்டு இஸ்ஸோ வடை தின்னுறதுதான்.)

"தங்கச்சி, நாங்க ஞாயிறு வாறம். பதினொரு மணி போல கற்பிட்டிக்கு வந்துருவம். டொல்பின் பாக்க ஒரு போட் சொல்லி வை."

மாசம், ஜூலை.

"நானா, இப்ப கடல் சரியில்ல."

"ஏன், என்ன நடந்த?"

"ஒண்டும் நடக்கல்ல. காத்து."

"ஒரு அரை மணித்தியாலம் மட்டும் போய்ட்டு வருவமே. நாங்க காசு குடுக்கிறம் தானே?"

இதுக்கு என்ன பதில் சொல்ற? காசு குடுத்தா போட்காரர் வருவார். (எல்லாரும் வரமாட்டாங்க. வரக்கூடாத ஒருத்தர் வருவார். அதுதான் பயம்.) கடல் வருமா?

நானா மட்டும் இல்ல. ஒவ்வொரு வருஷமும் சொந்தக்காரர், கூடப் படிச்ச ஆக்கள், அவங்கட ஒஃபிஸ் ஆக்கள் எண்டு யாராவது ஒருத்தர் இதையே கேக்கிறாங்க. அதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெக்கிறன். முதல் முதலா கடல்ல போகப் போறவங்க வாசிங்க. கற்பிட்டியில பிறந்தவங்க கடைசிப் பந்திக்குப் போங்க, அங்க கருவாடு இருக்கு.

முதல்ல மாசம்.

நம்ம கரை மேற்குப் பாத்த கரை. மே மாசம் தொடங்கி செப்டெம்பர், சில வருஷம் ஒக்டோபர் வரைக்கும் தென்மேல் காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். அந்த மாசங்கள்ல கற்பிட்டிக்கு வாற வெள்ளைக்காரங்க டொல்பின் பாக்க வாறவங்க இல்ல, பட்டம் கட்டிக்கிட்டு தண்ணியில சறுக்குறவங்க. கைட் சர்ஃபிங். அவங்களுக்கு அந்தக் காத்துதான் வேணும். அவங்க கெம்பி கெம்பிச் சிரிக்கிற நாள் எண்டா, உங்களுக்கு அது கடலுக்குப் போற நாள் இல்ல.

நவம்பருக்குப் பொறகு காத்து மத்தப் பக்கம் திரும்பும். வடகீழ்ப் பருவக்காத்து. தரைப் பக்கத்தால வாறதால நம்ம பக்கக் கடல் படிஞ்சு கிடக்கும். நவம்பர்ல இருந்து மார்ச், ஏப்ரல் நடு வரைக்கும் டொல்பின் காலம். திமிங்கிலம் பாக்க ஆசை எண்டா மார்ச், ஏப்ரல்ல வந்து பாருங்க. (கிடைக்கும் எண்டு ஒருத்தரும் சத்தியம் பண்ண ஏலாது. சத்தியம் பண்றவர்ட்ட போகாதீங்க.)

காத்தைப் பத்தி ஒரு பழைய ஆள்ட கதை சொல்றன். இப்னு பதூதா. 1344இல மாலைதீவுல இருந்து மஃபருக்கு, அதாவது தமிழ்நாட்டுக் கரைக்கு, கப்பல் ஏறினவர். மூணு நாள் பயணம் எண்டுதான் கணக்கு. ஒம்பதாம் நாள் வந்து சேந்தது இலங்கைக்கு! அவர் பத்தாலா எண்டு எழுதின ஊர் நம்ம புத்தளம் எண்டுதான் கனபேர் சொல்றாங்க. இங்க ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, முத்தெல்லாம் பாத்து, பாவாத மலைக்கும் (சிவனொளிபாத மலை) போய் வந்தார். அரைவாசி உலகம் சுத்தின மனுசனையே காத்து வேற நாட்டுல இறக்கி விட்டிருக்கு. தெஹிவளை நானாவுக்கு அது வழி விடணுமாம்.

அடுத்தது நேரம். மாசம் சரியா இருந்தாலும் பதினொரு மணி சரியில்ல.

ராவில தரை ஆறும். அதால விடிய வெள்ளென காத்து தரையில இருந்து கடலுக்குப் போகும், கரையோரக் கடல் நல்லா அடங்கி இருக்கும். வெயில் ஏற ஏற தரை சூடாகி, காத்து திரும்பி கடல்ல இருந்து தரைக்கு வரும். பத்து, பத்தரைக்கெல்லாம் சின்னச் சின்ன அலை எழும்பி போட்டோட வயித்துல தட்டத் தொடங்கும். அதுக்கு முந்தி நீங்க திரும்பி வந்துரணும்.

அப்ப எத்தனை மணிக்குப் போறது? சுபஹு தொழுதிட்டு, ஒரு இஞ்சி பிளேன்டீ குடிச்சிட்டு, ஆறு ஆறரைக்கு கரையில நிக்கணும். கொழும்புல இருந்து கற்பிட்டிக்கு நூத்தி அறுவது கிலோமீட்டர் போல. சிலாபம், முந்தல், மதுரங்குளி தாண்டி, புத்தளம் டவுனுக்கு முந்தி பாலாவிச் சந்தியால இடது பக்கம் திரும்பினா, அந்த நூத்தி அறுவதுல கடைசி நாப்பது கிலோமீட்டர் போல. ராவு ரெண்டு மணிக்கு வேன்ல ஏறி, நித்திரை முழிச்சு, வழியில பராட்டாவும் சம்பலும் வயிறு முட்டத் தின்னுட்டு, அப்பிடியே போட்ல ஏறுறவங்க இருக்கிறாங்க. அவங்க கடல்ல என்ன பண்ணுவாங்க எண்டு உங்களுக்கு விளங்கும்.

முதல் நாளே வந்து தங்குங்க. ஆலங்குடா, கண்டக்குளி, கற்பிட்டி டவுன் எண்டு எல்லா இடமும் தங்குமிடம் இருக்கு. ஒண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்க: தலவில அன்னம்மாள் கோயில் திருவிழா மார்ச்ல ஒண்டு, ஜூலை ஆகஸ்ட்ல ஒண்டு. அந்த நாள்கள்ல பாலாவி ரோட்டுல வேன் நகராது. மார்ச் திருவிழா டொல்பின் காலத்துக்குள்ள வாறதால திகதியைக் கேட்டுட்டு ரூம் போடுங்க.

இனி முக்கியமான விசயம். சத்தி.

ஒருத்தரும் இதைப் பத்திக் கதைக்க விரும்புறதில்ல. ஃபேஸ்புக்ல டொல்பின் பாயிற படம்தான் வரும், சொப்பிங் பேக்கைப் பிடிச்சிக்கிட்டு இருக்கிற மதினிட படம் வராது. ஆனா முதல் முறை கடலுக்குப் போற ஆக்கள்ல பாதிப் பேருக்கு ஞாபகம் நிக்கிறது அந்த சொப்பிங் பேக்தான்.

ஏன் வருது? காதுக்குள்ள இருக்கிற சமநிலை பாக்கிற உறுப்பு, "ஆடுறம், ஆடுறம்" எண்டு மூளைக்குச் சொல்லுது. கண்ணு போட்டோட தரையையோ ஃபோனையோ பாத்துக்கிட்டு, "ஒண்டும் ஆடல்ல" எண்டு சொல்லுது. ரெண்டு சாட்சியும் ரெண்டு விதமாச் சொன்னா மூளை குழம்பி, வயித்துல கை வெக்குது.

அப்ப கண்ணுக்கும் உண்மையக் காட்டணும். தூரத்துல அசையாத ஒண்டைப் பாருங்க. நம்ம ஊர்ல அதுக்கு ஒரு வசதி இருக்கு: நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. அந்தக் கரன்ட் ஸ்டேஷனைப் பத்தி எனக்கு நிறையக் கோவம் இருக்கு. (தூசி, சாம்பல்... அது வேற பதிவு.) ஆனா கடல்ல இருந்து பாக்கைக்க அதைப் போல ஒரு குறி இல்ல. தலைசுத்துற ஆளைத் தரைப் பக்கம் திருப்பி இருத்தி, "அந்தப் புகைபோக்கியையே பாருங்க" எண்டு சொன்னா பத்து நிமிசத்துல மூஞ்சியில ரத்தம் திரும்பும். மாம்புரிப் பக்கத்துக் காத்தாடிகளையும் பாக்கலாம், ஆனா அது சுத்தும். சுத்துற ஆளுக்குச் சுத்துறதைக் காட்ட வேணாம்.

உம்மாட வைத்தியம் இஞ்சி. வாப்பாட வைத்தியம் காஞ்ச பாண். (வாப்பா கடல் தொழில் செஞ்சவர். "வெறும் வயிறும் கூடாது, நிறைஞ்ச வயிறும் கூடாது" எண்டு சொல்லுவார்.) ரெண்டையும் செஞ்சு பாத்திருக்கன். இஞ்சி கொஞ்சம் தாங்கும். பாண், கிரீம் கிராக்கர் மாதிரி காஞ்ச சாமான் நல்லாத் தாங்கும். தோடம்பழத் தோலை மணக்கிறது, தேசிக்காயை மணக்கிறது எல்லாம் மனசுக்குச் சுகம், வயித்துக்கு என்ன செய்யுது எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல. வேன்ல போனாலே சத்தி எடுக்கிற ஆள் எண்டா இதுகளை நம்பாம ஃபார்மசியில குளிசை வாங்குங்க. சிலது முதல் நாள் ராவே போடணும், சிலது ரெண்டு மணித்தியாலத்துக்கு முந்திப் போடணும். போட் ஆடத் தொடங்கின பொறகு போட்டா அந்தக் குளிசையும் கடலுக்குத்தான். நித்திரை வரும் எண்டதையும் கேட்டுக்கொள்ளுங்க. வேன் ஓட்டப் போற ஆள் யோசிச்சுப் போடணும். புள்ளைகளுக்கும், வேற மருந்து எடுக்கிறவங்களுக்கும் டொக்டர்ட்ட கேக்காமக் குடுக்க வேணாம்.

வயித்துல புள்ள இருக்கிறவங்க, முதுகு வருத்தம் உள்ளவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க கடல் பக்கம் போகாதீங்க. ஃபைபர் போட் அலை மேல விழுகைக்க அது முள்ளந்தண்டுலதான் இறங்கும். அவங்களுக்கு களப்பு இருக்கு. புத்தளம் களப்பு ஆழம் குறைஞ்சது, அலை இல்ல, கண்டல் காடு, பறவை, சின்னச் சின்னத் தீவு. கற்பிட்டி டவுன் பக்கத்து இறங்குதுறையில இருந்து பின்னேரம் கூடப் போகலாம். டொல்பினுக்கு எண்டு வந்து களப்புல சுத்திட்டு, "இதுதான் நல்லா இருந்த" எண்டு சொல்லிட்டுப் போன ஆக்கள் எனக்குத் தெரியும்.

போட்ல எங்க இருக்கிறது? முன்னுக்கு இருந்தா படம் நல்லா வரும், அடி சரியாப் படும். பின்னுக்கு இருந்தா ஆட்டம் குறைவு, பெற்றோல் மணம் கூட. நடுவுக்குக் கொஞ்சம் பின்னால, அதுதான் இடம். முன் இடத்தைப் பொடியன்மாருக்கு விட்டுக் குடுங்க. குடுத்துட்டு அவங்க துள்ளி விழுறதைப் பாத்துச் சிரிங்க.

லைஃப் ஜாக்கெட். கரையில வெச்சே போட்டு, வார் இறுக்கி, ஒருத்தர் தோள் பக்கத்தால தூக்கிப் பாக்கணும். ஜாக்கெட் காதுக்கு ஏறினா அது உங்கட அளவு இல்ல. "எனக்கு நீந்தத் தெரியும்" எண்டு ஒரு மச்சான் எல்லாக் குடும்பத்துலயும் இருப்பார். அவர் நீந்தினது ஹோட்டல் பூல்ல. புள்ளைகள் அளவு ஜாக்கெட் இருக்கா எண்டு முதல் நாளே கோல் எடுத்துக் கேளுங்க. இல்ல எண்டா வேற போட் பாருங்க. இதுல விட்டுக் கொடுக்க ஒண்டும் இல்ல.

காசு கதைக்கைக்க ஆளுக்கா, போட்டுக்கா எண்டு கேளுங்க. டிக்கெட் இருந்தா அது அந்தக் காசுக்குள்ளயா, வெளியவா எண்டும் கேளுங்க. டொல்பின் காணாட்டி என்ன எண்டும் கேளுங்க. (ஒண்டும் இல்லத்தான். ஆனா அவர் அதை எப்பிடிச் சொல்றார் எண்டதுல ஆளை அறியலாம்.)

பொம்பளைகளுக்கு ஒரு விசயம், ஏனெண்டா ஆம்பிளைகள் எழுதின ஒண்டுலயும் இது இல்ல. போட்ல டொய்லட் இல்ல. மூணு மணித்தியாலம் ஆகலாம். அதுக்காகத் தண்ணி குடிக்காம இருந்தா தலைசுத்து இன்னும் கூடும். வெள்ளென எழும்பி அளவாக் குடிங்க, இறங்குறதுக்கு முந்தி தங்குமிடத்துல போய்ட்டு வாங்க, கடல்ல கொஞ்சம் கொஞ்சமா வாய் நனைச்சிக்கிட்டே இருங்க. அபாயா போடுறவங்க பாரம் இல்லாத, கெதியாக் காயிற துணியாப் பாத்துப் போடுங்க, அதுக்கு மேல ஜாக்கெட். ஷோலை பின் குத்தி உள்ளுக்கு விட்டுருங்க. காத்துக்கு ஷோல் பறந்து பக்கத்துல இருக்கிற ஆள்ட மூஞ்சியை மூடினா அவருக்கும் டொல்பின் இல்ல.

எல்லாருக்கும்: ஃபோனுக்குத் தண்ணி போகாத பை, இல்லாட்டி ரெண்டு சொப்பிங் பேக் நல்லா முடிஞ்சு. தண்ணிப் போத்தல். தொப்பி, நாடி கட்டுற தொப்பி. சன் கிரீம், ஏனெண்டா வெயில் மேலால மட்டும் இல்ல, தண்ணியில பட்டுக் கீழாலயும் வரும். பாட்டா செருப்பு போதும். சப்பாத்து போட்டு வாறவங்களைப் பாத்து எங்கட ஊர்ச் சின்னப் புள்ளைகள் சிரிக்கும்.

ஏன் சிரிக்கும் எண்டா, கண்டக்குளி, ஆலங்குடாப் பக்கத்துல ஜெட்டி ஒண்டும் கிடையாது. மணல்ல இருந்து நேரா கடலுக்கு. நாலஞ்சு பேர் சேந்து போட்டைத் தள்ளுவாங்க. பின்பக்கம் தண்ணி பிடிச்ச உடனே "ஏறுங்க ஏறுங்க" எண்டு சத்தம் வரும். முழங்கால் வரைக்கும் தண்ணி, ஒரு அலை வந்தா இடுப்பு வரைக்கும். போட்காரர் எஞ்சின் கயித்தைக் கையில பிடிச்சிக்கிட்டு அலையை எண்ணுவார். பெருசு ஒண்டு, அதுக்குப் பின்னால ஒண்டு, பொறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில இழுத்து விடுவார். அந்த நேரத்துல எழும்பி நிண்டு செல்ஃபி எடுக்காதீங்க. இருக்கச் சொன்னா இருங்க.

வெளிய போன பொறகு, நீங்க தேட வேணாம். அவர் தேடுவார். பறவை எங்க இறங்குது, தண்ணி எங்க வேற நிறமாக் கொதிக்குது எண்டு அவர் கண் வேற ஒண்டைப் பாக்கும்.

கற்பிட்டியில பெரும்பாலும் காணுறது ஸ்பின்னர் டொல்பின். சின்னது, ஒல்லி, நீண்ட மூஞ்சி, ரெண்டு மீட்டருக்குக் கிட்ட. நூத்துக்கணக்குல ஒண்டா வரும், சில நாள் ஆயிரத்தையும் தாண்டும். தண்ணியை விட்டு எழும்பி பம்பரமாச் சுத்தும். ஒரு பாய்ச்சல்ல ஏழு சுத்து வரைக்கும் சுத்தக்கூடியது. ஏன் சுத்துது எண்டு விஞ்ஞானிகளுக்குள்ளயே வாக்குவாதம்: ஒட்டிக்கிட்டு வாற மீனை உதறுது எண்டும் சொல்றாங்க, விழுற சத்தத்தால ஒண்டுக்கொண்டு செய்தி சொல்லுது எண்டும் சொல்றாங்க.

ஆனா எனக்குப் புடிச்சது பாய்ச்சல் இல்ல. எஞ்சினை நிப்பாட்டினா ஒரு சத்தம் கேக்கும். புஸ்... புஸ்... எண்டு. நாலு பக்கத்தாலயும். அது மூச்சு விடுற சத்தம். போட்டுக்குப் பக்கத்துல ஒண்டு எழும்பி மூச்சு விட்டா அந்தத் தூவானம் கையில விழும். கொஞ்சம் மீன் மணம் இருக்கும். (என்ன எதிர்பாத்தீங்க, அத்தரா?)

இதுக்குத்தான் எஞ்சினை நிப்பாட்டச் சொல்றன். இந்த டொல்பின் ராவெல்லாம் ஆழத்துல இரை தேடிட்டு பகல்லதான் ஆறும். ஆறுற நேரம் பாத்து ஆறேழு போட் சுத்தி நிண்டு விரட்டினா அதுகள் எங்க போற? 2012இல இருந்து இதுக்கு ஒழுங்குவிதி இருக்கு: கிட்டப் போகக் கூடாது, கூட்டத்துக்கு நடுவால ஓட்டக் கூடாது. எங்கட போட்காரருக்கு அது தெரியாமல் இல்ல. ஆனா பின்னால இருந்து "அண்ணே, இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" எண்டு கத்துறது யார்? நீங்கதான். கிட்டப் போனாத்தான் சந்தோசக் காசு கிடைக்கும் எண்டு அவருக்கு ஆக்கள் பழக்கி வெச்சிருக்கிறாங்க. ஏறுறதுக்கு முந்தியே சொல்லுங்க: "நானா, விரட்ட வேணாம், நிப்பாட்டினாப் போதும்." அதுகளா விரும்பினா போட்டோட முன்பக்கம் வந்து கூடவே ஓடும். அது வேற சந்தோசம்.

பவளப்பாறை பாக்கப் போறவங்களுக்கு ஒரு வரி. பார் ரீஃப் 1992இல இருந்து சரணாலயம். 1998இல கடல் சூடாகி பவளம் வெளுத்துச் செத்து, மிஞ்சினது கஷ்டப்பட்டு வளருது. மேல ஏறி நிக்காதீங்க. நங்கூரத்தை அதுக்கு மேல போடுற போட்காரர்ட்ட வாய் திறந்து சொல்லுங்க.

இனி ராத்தாட மகள் கேட்ட கேள்வி. "சாச்சி, நாங்க பெரிய கப்பல்ல போகப் போறம். அதுக்கு என்ன சொல்றீங்க?"

2023 ஜூன்ல சென்னையில இருந்து எம்ப்ரெஸ் எண்ட சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எண்டு வரத் தொடங்கினதுல இருந்து எங்கட குடும்பத்துல எல்லாருக்கும் கப்பல் ஆசை. (1990இல கட்டின கப்பல். என்னோட வயசு கிட்டத்தட்ட.) நான் அதுல ஏறல்ல. போய் வந்த ஆக்கள்ட கதையை அரிச்சு எடுத்ததுல உருப்படியானது இவ்வளவு: ரூம் எடுக்கைக்க கீழ்த்தட்டுல, கப்பல்ட நடுவுல கேளுங்க, அங்கதான் ஆட்டம் குறைவு. ஏறுற துறைமுகத்துக்கு முதல் நாளே போயிருங்க, ஃபிளைட் பிந்தினா கப்பல் நிக்காது. பெட்டியை வாங்கிக்கொண்டு போய் ரூம்ல குடுக்க மணித்தியாலக்கணக்காகும், அதால பாஸ்போட், மருந்து, மாத்துத் துணி ஒண்டு கைப்பையில. கப்பல் ஏறின உடனே ஃபோனை விமான மோட்ல போடுங்க, கடல் நடுவுல கப்பல்ட நெட்வேர்க் தானாப் பிடிச்சா பில்லைப் பாத்துத்தான் சத்தி வரும். இந்தியாவால போய் இந்தியாவுக்கே திரும்புறது எண்டா ஒரு தடவை மட்டும் நுழையிற விசா காணாது. துறைமுகத்துல இறங்கிச் சுத்துறவங்க கப்பல்ட நேரத்துக்கு மணிக்கூட்டை வெச்சுக்கொள்ளுங்க. ஹலால் சாப்பாடு வேணுமெண்டா புக் பண்ணைக்கயே எழுதிக் குடுங்க.

அதுக்கு முந்தி ஒருக்கா கற்பிட்டியில வந்து ஃபைபர் போட்ல ஏறிப் பாருங்க. அதுல நிண்டு பிடிச்சா எந்தக் கப்பலும் உங்களுக்கு கட்டில்தான்.

கற்பிட்டியில போட்டால திரும்பி வந்த பொறகு ஒரு மணித்தியாலம் சும்மா இருங்க. தரை ஆடுற மாதிரி இருக்கும், அது போயிரும். குளிச்சு, தின்னு, பின்னேரம் ஒல்லாந்தர் கோட்டையைப் பாருங்க. 1667இல தொடங்கி 1676இல கட்டி முடிச்சது. உள்ளுக்கு நேவி இருக்கு, வாசல்ல பதிஞ்சு, அவங்களோடதான் போகணும்.

கடைசியா கருவாடு. கற்பிட்டிக்கு வந்து கருவாடு வாங்காமப் போக மாட்டீங்க எண்டு தெரியும். நல்லாக் காஞ்சதா எண்டு மடிச்சுப் பாருங்க, வளைஞ்சு ஈரமா நிண்டா உப்புக்கும் தண்ணிக்கும் காசு குடுக்கிறீங்க. காலையில வாங்கி வேனுக்குள்ள வெச்சிட்டு கடலுக்குப் போகாதீங்க. எல்லாம் முடிஞ்சு ஊருக்குத் திரும்புற நேரம், பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல பை போட்டு, பின் டிக்கியில. வேன் வாடகை வேன் எண்டா ட்ரைவர்ட்ட முதல்ல கேளுங்க. கடல்ல சத்தி எடுக்காம வந்த மதினி மதுரங்குளிக்கிட்ட எடுத்தா, அதுக்கு நான் பொறுப்பு இல்ல.